இத்தாலி ஹெட்

இரண்டு வேக்குவம் கிளீனர் மோட்டார்களும் ஒன்றாகக் கத்தத் தொடங்கியதும் வரதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கட்டாவிட்டால் நகம் கடிப்பதைச் சம்பத் பார்த்துவிடுவான்.

மோட்டார்கள் ஒரு பிளைவுட் பெட்டிக்குள் இருந்தன. பெட்டியின் மேல் காயலான் கடையிலிருந்து வாங்கிவந்த பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றை கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். எஞ்சின் தலைமேல் உட்காரும் அலுமினியக் கட்டி அது. எஞ்சினுக்குள் காற்று போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் அதற்குள்தான் வளைந்து ஓடுகின்றன. அந்த வழிக்குப் பெயர் போர்ட். அந்த வழியை நெளிவு பார்த்துக் குடைந்து அகலப்படுத்தினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும், வண்டி பறக்கும். எவ்வளவு நன்றாக மூச்சு விடுகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பெட்டி. பக்கத்தில் சாய்வாக ஒரு மர ஸ்கேல், அதன்மேல் பிளாஸ்டிக் குழாய், குழாய்க்குள் குங்குமம் கரைத்த தண்ணீர். காற்று தாராளமாகப் போனால் சிவப்புத் தண்ணீர் ஸ்கேலில் மேலே ஏறும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் முதலாளி இதற்கு 'ஏர் டைனமிக்ஸ் லேப்' என்று பெயர் வைத்து, கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, செருப்பை வெளியே விடும்படி சட்டமும் போட்டிருந்தார்.

முதலாளிக்கு அப்பா வைத்த பெயர் தனகோடி. ஷார்ஜாவில் ஆறு வருஷம் டயர் கடையில் இருந்துவிட்டு வந்தவர் டி.கே. ஆகிவிட்டார். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் 'டி.கே. ரேசிங்' என்று போர்டு. கத்திரி வெயிலிலும் கழுத்துவரை ஜிப் போட்ட ரேஸ் ஜாக்கெட். எந்த ரேஸ் என்று கேட்டவர்களுக்கு "சர்க்யூட்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்.

"இது வரதன் குடைஞ்ச போர்ட்," என்றார் டி.கே. தண்ணீர் ஏறி, பதினான்கில் நின்று லேசாகத் துடித்தது.

வரதனுக்குத் திருப்தி. போன வருஷம் இதே பெட்டியில் பதின்மூன்றரைதான். ஹெட்டைத் திருப்பிப் பக்கத்துத் துவாரத்துக்கு மாற்றினார்கள். காற்று சிதறாமல் போக, துவாரத்தின் வாயைச் சுற்றிப் பொம்மைக் களிமண்ணை வட்டமாக அப்பினார்கள்.

"இது நம்ம சிற்பி போர்ட்."

தண்ணீர் பதினான்கைத் தாண்டியது. பதினைந்தில் நிற்கும் என்று வரதன் வேண்டிக்கொண்டான். அது பதினேழரைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்தது.

"மூணரை! மூணரைப்பா!" என்று டி.கே. ஜாக்கெட் ஜிப்பை ஒரு அங்குலம் கீழே இறக்கினார். அதுவரை யாரும் பார்த்திராத காட்சி அது. "கேட்டுக்கங்க ரெண்டு பேரும். கார்த்தி சார் வண்டி ஹெட்டு சிற்பிதான் செய்றாரு. வரதா, நீ ஃபிட்டிங். இந்த மாசம் ஒரே ஒரு ஆள ரோல்ல ஏத்தறேன். ஈஎஸ்ஐ, பிஎஃப், சம்பளத்தோட லீவு, எல்லாம் உண்டு. யாருன்னு இந்த வண்டி சொல்லட்டும்."

பதினொரு வருஷமாக வரதன் தினக்கூலி. ரோல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. சம்பத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். இருமி முடித்துவிட்டுச் சிரித்தான்.

"உன்னுதும் சூப்பர்தான் அண்ணாத்த. வளைவாண்ட மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுக்கினு போயிட்ட."

வளைவாண்ட. இரண்டு மாசம் முன்பு இந்த ஆளுக்கு வால்வு என்றால் என்னவென்று தெரியாது.

சம்பத் மாமல்லபுரத்தில் கல் பட்டறையில் இருந்தவன். ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் பிள்ளையார் சொல்லப் போன டி.கே., துதிக்கைச் சுருளின் உள்பக்கத்தை அவன் கம்பி போன்ற கிரைண்டரை விட்டுக் குடைவதைப் பார்த்தார். உள்ளே கண் போகாது. இடது சுண்டுவிரலை விட்டுத் தடவித் தடவியே குடைந்துகொண்டிருந்தான். அங்கேயே டி.கே.வுக்கு ஞானம் பிறந்தது. அதே வாரம்தான் டாக்டர் சம்பத்தின் நெஞ்சுப் படத்தைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்து, கல்தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, இனி தூசி ஆகாது என்று சொல்லியிருந்தார். டி.கே. அவனிடம் பரிவோடு பேசினார். "கல்லு வேணாம்பா. அலுமினியத்துக்கு வா. சாஃப்ட் தூசி."

சம்பத் வந்த நாளிலிருந்து வரதனுக்கு வயிற்றில் ஒரு நெருப்புத் துண்டு. சின்னச் சின்ன விஷயங்களிலெல்லாம் அது கனன்றது. டீக்கடைக்காரர் சம்பத்துக்கு மட்டும் கேட்காமலே இஞ்சி போட்டுத் தருகிறார். டி.கே. வரதனை "டேய் வரதா" என்கிறார், சம்பத்தை "சிற்பி" என்கிறார். கிரைண்டர் முனைகளை அவன் வெல்வெட் துணியில் சுருட்டி வைக்கிறான். வரதன் தன்னுடையதை டால்டா டப்பாவில் போட்டுவைத்திருந்தான். மறுநாளே மனைவியின் பழைய பிளவுஸ் துணி ஒன்றைக் கொண்டுவந்து சுருட்டிப் பார்த்தான். முனைகள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. சம்பத் இருமினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வரதனுக்கும் இடுப்புப் பிடிப்பு உண்டு. ஆனால் அதற்குச் சத்தம் கிடையாது.

வீட்டிலும் விடவில்லை. அவன் மனைவி பூங்கொடி கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிற வேலை பார்த்தாள்.

"உங்க கடைல கல்லு வேலைக்காரரு ஒருத்தர் வந்துகிறாராமே, சம்பத்துன்னு? எங்க ஹோட்டல் வாசல்ல யானை கீதே, அவரு செஞ்சதாம். வெள்ளைக்காரங்க வந்தா மொதல்ல அது பக்கத்துலதான் நிக்குதுங்க."

"யானைய யாரு வேணா செய்யலாம். பெருசா இருந்தா யானை."

மறுநாள் காலை அவளை ஹோட்டலில் கொண்டுவிட்டவன் யானையை ஒரு சுற்று சுற்றினான். ஒரு தந்தமாவது குட்டையாக இருக்கும் என்று ஜாணால் அளந்தான். இரண்டும் ஒரே நீளம். நகங்களை எண்ணினான். வாட்ச்மேன் எழுந்து வந்து "இன்னா நைனா, வெலை பேசறியா?" என்று கேட்ட பிறகுதான் கிளம்பினான்.

கார்த்தி என்பவன் கடலோரத்தில் இரண்டு ரிசார்ட் வைத்திருக்கும் ஒருவரின் மகன். தாடிக்கு எண்ணெய் போட்டுச் சீவியிருப்பான். நீல நிற செடான் கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினை ரேஸ் வண்டிபோல ஆக்க வேண்டும் என்று டி.கே.விடம் விட்டிருந்தான். உள்ளூர் வேலை என்றால் அவனுக்குப் பிடிக்காது. அதனால் டி.கே. அவனுக்கு இத்தாலியிலிருந்து ஹெட் வரவழைப்பதாகச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டிய ஹெட், விமானத்தில் வருகிறது. உண்மையில் அது படப்பைப் பக்கம் ஒரு காயலான் கடையிலிருந்து மினி லாரியில் வந்து, மூன்று வாரமாகச் சம்பத்தின் மடியில் கிடந்தது.

அவன் உட்கார்ந்துதான் வேலை செய்தான். கோணியை விரித்து, ஹெட்டைத் தொடைமேல் சாய்த்து, வலது கையில் கிரைண்டர். இரண்டு நிமிஷம் குடைவான், நிறுத்துவான், சுண்டுவிரலை விடுவான், கண்ணை மூடுவான். பிறகு சின்ன உளியின் பிடியால் சுவரைத் தட்டிக் கேட்பான். கல் பட்டறைப் பழக்கம் அது. கல்லுக்குள் ஓட்டை விரிசல் இருந்தால் தட்டும்போது சத்தம் சொல்லிவிடும்.

அந்தப் புதன்கிழமை வரதன் பக்கத்தில் வால்வுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் டொக் என்றது. சம்பத் மறுபடி தட்டினான். டொக்.

"அண்ணாத்த, இங்க வந்து கேளேன். பொகை போற வழி, மூணாவது. இந்த எடத்துல சத்தம் வேற மாறி கீது. கல்லா இருந்தா இதோட வுட்டுடுவேன். இதுக்குப் பின்னாடி இன்னா கீது?"

பின்னாடி என்ன இருக்கிறது என்று வரதனுக்கு நன்றாகத் தெரியும். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓடுகிற அறை. நடுவில் இரண்டு மில்லிமீட்டர் சுவர்கூட இருக்காது. எட்டு வருஷம் முன்பு இதே மாதிரி ஹெட்டில் இதே இடத்தில் அவனே ஓட்டை போட்டு, ஒரு மாசம் டி.கே.விடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அவன் எழுந்துகூட வரவில்லை. "இன்னா கீது? அலுமினியம் கீது."

"இல்ல, மெல்லிசா கேக்குது."

"ஊத்தும்போது ஒரு எடம் கெட்டி, ஒரு எடம் பொச பொசன்னுதான் வரும். நீதான் பெரிய சிற்பியாச்சே. என்னைப் போயி கேக்கற?"

"கல்லுன்னா நான் சொல்லுவேன். எஞ்சின் நீ சொன்னாத்தான் ஆச்சு."

வரதன் கையிலிருந்த வால்வைத் துணியால் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"ஒண்ணும் இல்ல. போ."

சம்பத் தலையாட்டிவிட்டுக் கிரைண்டரை ஓடவிட்டான். பட்டறையில் கல் யாருடையதோ அவர் சொன்னால் எதிர்க்கேள்வி கிடையாது. எஞ்சின் வரதனுடைய கல்.

நாலு மணிக்கு வரதன் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது கிரைண்டர் சத்தம் நின்றிருந்தது. கதவோரமாக நின்று பார்த்தான். சம்பத்துக்கு முன்னால் ஒரு சிரட்டை. அதில் அலுமினியத் தூளையும் கருங்கல் பொடியையும் கொட்டி, இரண்டு ட்யூபிலிருந்து பசையைப் பிதுக்கி, குச்சியால் குழைத்துக்கொண்டிருந்தான். குழைத்ததைச் சுண்டுவிரல் நுனியில் எடுத்துத் மூன்றாவது துவாரத்துக்குள் விட்டு ஓட்டை விழுந்த இடத்தில் அழுத்தி, விரலை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், குழந்தையின் காயத்தைப் பொத்திப் பிடித்தவன் மாதிரி. நெற்றியெல்லாம் வியர்வை.

பட்டறையில் இது அன்றாட வேலை. நந்தியின் காது நுனி தெறித்துவிட்டால் அந்தக் கல்லின் பொடியையே பசையில் குழைத்து ஒட்டி, காயவைத்து, உப்புத்தாள் போடுவார்கள். வாங்குகிறவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. நந்தி அதன் பிறகு நூறு வருஷம் மழையில் கிடக்கும். ஆனால் நந்தியின் காது வழியாக எழுநூறு டிகிரிப் புகை போவதில்லை. அது சம்பத்துக்குத் தெரியாது. வரதனுக்குத் தெரியும்.

அவன் சத்தமில்லாமல் திரும்பி டீக்கடைக்கே போனான். இன்னொரு டீ சொன்னான். கேட்டு வாங்கி இஞ்சி போட்டுக்கொண்டான். இரண்டு மாசத்தில் முதல்முறையாக டீ இனித்தது.

அன்று சாயங்காலம் பூங்கொடி ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் அவளுடைய கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள்.

"இருவத்தி ரெண்டாம் தேதி. பத்து நாளாவது கூட ஆளு இருக்கணுமாம். லீவு போட்டா உனுக்குக் கூலி கெடையாது, அப்பறம் எதை வச்சி ஓட்டறது?"

"அதுக்குள்ள ரோல்ல பேரு ஏறிடும். சம்பளத்தோட லீவு."

"அந்தக் கல்லு வேலைக்காரரு?"

"ஞாயித்துக்கெழமை வண்டிய ஓட்டிப் பாக்கறாங்க. அதோட அவன் கதை முடிஞ்சிது."

பூங்கொடி சீட்டை மடித்தபடியே அவனைப் பார்த்தாள். "இன்னா பண்ண?"

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே."

அது சத்தியம். அவன் ஒன்றுமே செய்திருக்கவில்லை.

சனிக்கிழமை ஹெட் இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்தது. மரப்பெட்டி சம்பத் கொண்டுவந்தது. சின்ன புத்தர் சிலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பப் பட்டறையில் அடிக்கிற பெட்டி. உள்ளே வைக்கோலுக்குப் பதிலாக வெள்ளைப் பஞ்சு நிரப்பியது டி.கே. ஆணியடித்தது வரதன். கார்த்தி செல்போனைக் குச்சியில் மாட்டிப் பிடித்துக்கொள்ள, டி.கே.யின் மச்சான் பன்னீர்செல்வம் இன்னொரு கேமராவோடு குனிந்தும் மண்டியிட்டும் படம் எடுத்தான். ஒர்க்‌ஷாப்பில் பன்னீர்செல்வத்தின் வேலை அது ஒன்றுதான்.

"நீங்க ரெண்டு பேரும் ஃப்ரேம்ல வர்றீங்க. அந்த டயராண்ட போயி நில்லுங்க," என்றான்.

வரதனும் சம்பத்தும் டயர் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பெட்டி திறந்தது. கார்த்தி பஞ்சை விலக்கி ஹெட்டை எடுத்தான். துவாரத்துக்குள் விரலை விட்டான். கண்ணை மூடினான்.

"ப்ரோ! வழுக்கிக்கினு போகுது ப்ரோ! இத்தாலிக்காரன் இத்தாலிக்காரன்தான். நம்ம ஊரு ஆளுங்க ஏழு ஜென்மம் எடுத்தாலும் இந்த ஃபினிஷிங் வராது."

சம்பத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. "அண்ணாத்த, நான் இத்தாலிக்காரன் ஆயிட்டேன்," என்றான் காதோரமாக.

வரதனுக்கு இரண்டுவிதமாகவும் இருந்தது. இவன் பெயர் வெளியே வரவில்லை என்பதில் ஒரு குளிர்ச்சி. ஆனால் வெளிநாட்டுக்காரனாக மாறியும் புகழ் இவனுக்குத்தானே போகிறது? பதினொரு வருஷத்தில் வரதனை ஒருவரும் பக்கத்து மாவட்டத்துக்காரன் என்றுகூடச் சந்தேகப்பட்டதில்லை.

"டெஸ்ட்டிங்?" என்றான் கார்த்தி.

"எல்லாம் அங்கியே ப்ரெஷர் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பறாங்க சார். சர்டிஃபிகேட் மெயில்ல வருது," என்றார் டி.கே.

வழக்கமாக ஹெட்டை மாட்டும் முன் அதைச் செய்வது வரதன்தான். தண்ணீர் ஓட்டைகளையெல்லாம் ரப்பர் தகடு வைத்து அடைத்து, உள்ளே காற்றடித்து, தொட்டியில் முக்குவான். எங்காவது குமிழி வந்தால் ஓட்டை. ரப்பர் தகடுகள் சுவரில் ஆணியில் தொங்கின. அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அன்று மதியம் எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை வைத்து, ஹெட்டை இறக்கி, பத்து போல்ட்டையும் வரிசைப்படி மூன்று சுற்றாக இறுக்கினான். அவன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு ஹெட்டை மாட்டியதில்லை. பழி வந்தால் தன் பக்கம் ஒரு நூல்கூடப் பிசகு இருக்கக் கூடாது.

ஞாயிறு காலை வாசல் பிள்ளையாருக்கு மாலை. கார்த்தியின் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்தார்கள். இட்லி, வடை, ஒரு கேக்கும் இருந்தது. கேக்கின் மேல் இத்தாலிக் கொடி. பச்சை கொஞ்சம் கசிந்து வெள்ளையில் இறங்கியிருந்தது. டி.கே. 'சுவாசம்' என்ற தலைப்பில் நாலு நிமிஷம் பேசினார். எஞ்சினும் மனிதன்தான், மூச்சு விட்டால்தான் வாழ்க்கை என்றார். பின்வரிசையில் சம்பத் பேச்சைக் கெடுக்கக் கூடாது என்று இருமலை அடக்கி முகம் சிவந்து நின்றான்.

நீல வண்டி உறுமிக் கிளம்பியது. உண்மையிலேயே வேறு சத்தம். ஆழமான, இழுத்துப் பிடிக்கிற சத்தம். வரதனுக்கு ஒரு கணம் எல்லாம் மறந்து மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம்தான் அது யார் கை என்று ஞாபகம் வந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலிவரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. இருபத்தைந்து நிமிஷத்தில் வந்திருக்க வேண்டும். நாற்பது ஆனது. டி.கே.யின் போன் அடித்தது. அவர் "சொல்லுங்க சார்" என்றார். போனைக் காதில் வைத்தபடியே ஜாக்கெட் ஜிப்பை முழுவதும் கீழே இழுத்துவிட்டார். உள்ளே சாதாரண கட்டம் போட்ட சட்டைதான் இருந்தது.

டெம்போவோடு போய்ப் பார்த்தார்கள். சென்னைக்கே கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பும் ஆலையின் மதில் ஓரமாக வண்டி எஞ்சினில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றது. புகைபோக்கியிலிருந்து இன்னும் வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. கார்த்தி குடிதண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான். அவன் நண்பன் ஒருவன் இதையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளைப் பொகை," என்றான் அந்த நண்பன், எல்லாம் தெரிந்த குரலில். "கேஸ்கெட் போச்சு. கரெக்டா மாட்டல."

வரதன் சம்பத்தைப் பார்த்தான். சம்பத் புகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமா சார்," என்றார் டி.கே. உடனே. "ஃபிட்டிங் மிஸ்டேக்."

வரதன் திரும்பினான்.

திங்கட்கிழமை கதவைச் சாத்திவிட்டு ஹெட்டைக் கழற்றினார்கள். கேஸ்கெட் புதிதுபோல இருந்தது. மூன்றாவது புகைத் துவாரத்துக்குள் டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது. நெல்மணி அளவு ஓட்டை, ஓரத்தில் கருகிய பசை, நாலைந்து கருங்கல் துகள். டி.கே. ஒரு துகளை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சம்பத்தைப் பார்த்தார். பிறகு வரதனைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"மாட்டறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணினியா?"

"நீங்கதான சார் இத்தாலிலயே பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்க."

"அது கார்த்தி சாருக்குச் சொன்னதுடா! உனுக்கு எங்கடா கீது இத்தாலி?"

"ஓட்டை நான் போடல சார். கேஸ்கெட் நல்லா கீது, நீங்களே பாத்தீங்க. அந்தச் சம்பத்து..." வரதன் நிறுத்தினான். அடுத்த வாக்கியத்தைச் சொன்னால், உனக்கு எப்போது தெரியும் என்று அதற்கடுத்த கேள்வி வரும்.

டி.கே.வுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சம்பத்து யாரு? கார்த்தி சாருக்கு அப்பிடி ஒரு ஆளு இருக்கறதே தெரியாது. ஹெட்டு இத்தாலிலேர்ந்து வந்துது. வீடியோ போட்டு நாப்பதாயிரம் பேரு பாத்துகிறான். இத்தாலிக்காரன் கல்லுப் பொடி வச்சா ஓட்டைய அடைப்பான்? நீயே சொல்லு."

வரதன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான்.

"அப்ப ஹெட்டுல தப்பு இல்ல. தப்பு எங்க கீது? மாட்டினதுல. மாட்டினது யாரு?" டி.கே. குரலைத் தாழ்த்தினார். அதில் உண்மையான வருத்தமும் இருந்தது. "ஒரு ஆளத் தூக்கினாத்தான் அவருக்கு மனசு ஆறுமாம். இல்லாத ஆள எப்பிடிப்பா தூக்கறது? நீதான் கீற."

பஸ் நிறுத்தத்துக்குப் பாதி தூரம் போனபோது பின்னால் செருப்புச் சத்தமும் இருமலும் சேர்ந்து வந்தன. வரதன் நிற்கவில்லை. சம்பத் ஓடிவந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பும்வரை குனிந்து நின்றான்.

"அண்ணாத்த. நான் பசை வச்சிக்கினு இருந்தப்ப கதவாண்ட வந்து நின்ன. நான் பாத்தேன்."

வரதன் முழங்கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான்.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் காலி. இன்னிக்கி உள்ள கூப்ட்டப்பவும் காட்டிக் குடுக்கல. கண்ணாடி வழியாப் பாத்துக்கினுதான் இருந்தேன். ஏதோ சொல்ல வந்துட்டு பாதியிலியே நிறுத்திட்ட நீ." சம்பத்தின் கண்கள் கலங்கியிருந்தன. "பட்டறைல இருபது வருஷம் இருந்தேன். எனுக்காக ஒருத்தன் இப்பிடி நின்னது இல்ல. அந்த எடத்துல ஒண்ணுமில்லைன்னு நீ சொன்னதுகூட தெரியாமத்தான் சொல்லிட்ட. அதுக்காக உன்னை நான் தப்பா நெனைக்கல."

உண்மையைச் சொல்லிவிடத்தான் வரதன் வாயைத் திறந்தான். அது சொல்லாக மாறுவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது.

"உன் பேரு ரோல்ல ஏத்திட்டாரா?"

"எங்க! கார்த்தி சாரு வண்டிய சும்மாவே சரி பண்ணிக் குடுக்கணுமாம், நஷ்டமாம். எனுக்கு அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு. இந்த மாசம் அவரு மச்சான் பேரு ஏறுது. அதான், வீடியோ எடுக்கறாரே." சம்பத் துண்டால் முகத்தைத் துடைத்தான். "மாட்டற வேலையும் நானே கத்துக்கணுமாம். அதே கூலிக்கு."

பஸ் வந்தது. வரதன் ஏறினான். சம்பத் அது கிளம்பும்வரை ஒரு கையைத் தூக்கியபடி நின்றான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த வரதனுக்கு இருபது வருஷம் பட்டறை, யானை, இப்போது இந்த நன்றி விசுவாசம் என்று எல்லாமே இவனுக்கு எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது என்று ஆத்திரமாக இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி பூங்கொடியோடு இருக்க அவன் யாரிடமும் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், அவளுக்குக் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போகிற வழியில் ஒர்க்‌ஷாப்பில் இறங்கினான். அவன் சொந்த ஸ்பேனர் பெட்டி அங்கேயே கிடந்தது.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான். கோணிமேல் சம்பத் உட்கார்ந்திருந்தான், மடியில் அடுத்த ஹெட். வாயைச் சுற்றித் துண்டு. இந்தத் தடவை கையில் கிரைண்டர் இல்லை, மெல்லிய உளியும் சுத்தியலும். தரையில் செல்போன் திரையில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் ஆங்கில எழுத்தில் பெரிதாகத் தெரிந்தது. சம்பத்துக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் பார்த்து, அதன் வளைவைச் சுண்டுவிரலால் அலுமினியத்தில் ஒருமுறை வரைந்துகொண்டு, பிறகு செதுக்கினான். ஆறு எழுத்து முடிந்திருந்தது. அச்சில் வார்த்ததுபோல ஒரே உயரம், ஒரே ஆழம். வரதன் பெட்டியைத் தூக்கிய கையோடு அதைப் பார்த்து நின்றான். இப்போதும் வயிற்றில் அந்தக் கனல் மெல்ல எழுந்தது.

டி.கே. டார்ச் பிடித்துக்கொண்டு சம்பத்தின் தோளுக்கு மேலாகக் குனிந்திருந்தார். வரதன் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"நல்லா கீதுப்பா. ஆனா பாரு, இந்த நாலாவது எழுத்தாண்ட லேசா உளி போன தடம் தெரியுது. ஆளு செஞ்ச மாறி கீது. அதை மட்டும் தேச்சிடு."

சம்பத் துண்டை இறக்கி, எழுத்தின் மேலிருந்த தூளை வாயால் ஊதினான். உப்புத்தாளை நகத்தளவு மடித்து எடுத்து, தன் கை பட்ட அந்த இடத்தைத் தேய்க்கத் தொடங்கினான்.